துடிப்பு எப்போது வருகிறது?

சைனாடவுன் வட்டாரத்தில் உடம்பை ஏற்ற நினைப்பவருக்கு வேண்டியதெல்லாம் கொஞ்ச தூர நடைக்குள் இருக்கிறது. ஸ்மித் ஸ்திரீட்டில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். அதன் மேல்தளத்தில் 200க்கும் மேற்பட்ட கடைகளோடு சிங்கப்பூரின் மிகப் பெரிய உணவங்காடி. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். அதே சாலையில் சீன மருந்துக் கடை. திரும்பிய பக்கமெல்லாம் கோப்பிக்கடை. பழைய கடைவீட்டு மாடிகளிலும் அலுவலகக் கட்டடங்களிலும் ஜிம். மேற்கே நடந்தால் ஊட்ரம். அங்கே சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும் தேசிய இருதய நிலையமும் ஒரே வளாகத்தில். சாப்பாடு, கோப்பி, மருந்து, எடை, இதய மருத்துவர். இந்த ஐந்துமே இந்த அத்தியாயத்தில் வரும்.

விஷயம் இதுதான். ஓர் இளைஞர் சில மாதமாக எடை தூக்குகிறார். ஜிம் வழக்கில் சொன்னால் 'பல்க்' பண்ணுகிறார். உடம்பு செலவழிப்பதைவிட நாளுக்கு 300, 500 கலோரி கூட்டிச் சாப்பிடுகிறார். தோளும் தொடையும் திரள்கின்றன. ஒரு நாள் சாயங்காலம் பார்பெல்லைத் தாங்கியில் வைத்த கையோடு நெஞ்சுக்குள் ஒரு 'டப்'. ஒரு துடிப்பு விட்டுப்போனாற்போல ஓர் இடைவெளி, அடுத்தது ஓங்கி விழுகிறது. கை சில்லிடுகிறது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. கைக்கடிகாரத்தின் பச்சை வெளிச்சத்தில் 88, 94, 102 என்று எண்கள் ஏறுவதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

மறுநாள் இரண்டு தீர்ப்புகள் வரும். "ஒண்ணும் இல்லடா, சும்மா டென்ஷன்" என்பான் கூடத் தூக்குகிற நண்பன். "நாளையிலேர்ந்து அந்த ஜிம் பக்கமே போகாதே தம்பி" என்பார் அம்மா. இருவருக்கும் அக்கறைதான். ஆனால் இருவருமே சோதிக்காமல் சொல்கிறார்கள். விவரம் தெரிந்த மருத்துவர் வேறொன்றைக் கேட்பார்: எப்போது வருகிறது? தூக்கும்போதா, கீழே வைத்த பிறகா, சாப்பிட்ட பிறகா, படுத்த பிறகா? நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆகவே நாமும் கடிகாரத்தின் வழியே போவோம்.

எடையைத் தூக்கும்போது

1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெக்டூகலும் சகாக்களும் ஐந்து பாடிபில்டர்களின் கைத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செருகி, அவர்கள் எடை தூக்கத் தூக்க ரத்த அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளியபோது சராசரி 320/250. ஒருவருக்கு அது 480/350ஐயும் தாண்டியது. மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு 180/120 காட்டினாலே செவிலியர் மருத்துவரைக் கூப்பிட ஓடுவார். இவர்களோ எடையை இறக்கி வைத்த சில நொடிகளில் பழைய அழுத்தத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

இந்த உயரத்துக்குக் காரணங்கள் இரண்டு. முறுக்கேறிய தசை தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களை நசுக்கிவிடுகிறது. இதயம் அந்தத் தடையை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவது, மூச்சு. கனமான எடை வந்தால் நாம் மூச்சை இழுத்துப் பிடித்துத் தொண்டையை அடைத்து முக்குகிறோம். 1704இல் காதைப் பற்றி ஒரு நூல் எழுதிய இத்தாலிய உடற்கூறியலாளர் வல்சால்வாவின் பெயர்தான் இந்தச் செயலுக்கு இன்றும் வழங்குகிறது. அவர் இதைச் சொன்னது காதடைப்பை நீக்க. நாம் பயன்படுத்துவது முதுகெலும்பைத் தாங்கிப் பிடிக்க.

முக்கும்போது மார்புக்கூட்டின் உள்ளழுத்தம் ஏறுகிறது. கைகாலிலிருந்து திரும்பும் ரத்தம் உள்ளே நுழையத் திணறுகிறது. இதயத்துக்கு வரத்து குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போவதும் குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. எடையை வைத்து மூச்சை விட்டதும் தேங்கிய ரத்தம் மொத்தமாக உள்ளே வருகிறது. அழுத்தம் குபீரென ஏற, கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் அதைக் கண்டு வேகஸ் நரம்பு வழியாக இதயத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்கின்றன. ஏற்றமும் இறக்கமும் சில நொடிகளுக்குள் அடுத்தடுத்து நடந்துவிடுகின்றன. நம் இளைஞரின் 'டப்' எடையை வைத்த கையோடு வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த 'டப்' என்ன என்பதையும் பார்த்துவிடலாம். இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சுதான் ஒவ்வொரு துடிப்பையும் கிளப்பிவிடுகிறது. சில வேளை கீழறையில் எங்கோ ஓரிடம் முந்திக்கொண்டு தானே ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். நேரத்துக்கு முன்பே கிளம்பிய பஸ் காலியாகப் போகும், அடுத்து வரும் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும் அல்லவா? அப்படித்தான். முந்திய துடிப்பில் அறை நிரம்பியிருக்காது. நாடியில் அது பெரும்பாலும் தெரியாது. அதன்பின் ஒரு சிறு ஓய்வு. அந்த ஓய்வில் அறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்புகிறது. அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. நாம் பயப்படுவது விட்டுப்போன துடிப்புக்கு. ஆனால் நெஞ்சில் உணர்வது அதற்கு அடுத்து வரும், முழுக்கச் சரியான, பலமான துடிப்பை.

இப்படி அவ்வப்போது துடிப்பு முந்துவது ஆரோக்கியமான இதயத்திலும் எவ்வளவு சகஜம் என்று நமக்குத் தெரிய வந்தது, இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியால்தான். அமெரிக்காவின் மான்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் 1940களின் இறுதியில் முதுகில் கட்டிக்கொண்ட முதல் கருவியின் எடை 38 கிலோ. இன்று அது சட்டைப்பையில் அடங்கிவிடும். நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பட்டையாகவும் வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க மாட்டிப் பார்த்தால், ஒன்றிரண்டு துடிப்பாவது முந்தாதவர்கள் குறைவு.

இங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். எடையை வைத்த பிறகு ஒன்றிரண்டு 'டப்' வேறு. உடல் உழைக்கும் அந்தக் கணத்திலேயே நெஞ்சு அழுத்துவது, கண் இருட்டுவது, மயங்கி விழுவது வேறு. இரண்டாவது வகை வந்தால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. இதயச் சுவர் பரம்பரையாகத் தடித்துப்போகும் நோயும், பிறவியிலேயே தடம் மாறி ஓடும் தமனியும் இளவயதில் முதன்முதலாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கரண்டியும் கோப்பியும்

அடுத்த நேரம், ஜிம்முக்குப் போகுமுன் உள்ள அரைமணி. கோப்பிக்கடையில் "கோப்பி ஓ காவ்" என்று சொன்னால் வருவது கெட்டியான கறுப்புக் காப்பி. சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த ரொபஸ்டா கொட்டை. அராபிக்காவைவிட ரொபஸ்டாவில் கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு மேல் 'பிரீ ஒர்க்அவுட்' பொடி. ஒரு கரண்டிக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும் டப்பாக்கள் சாதாரணம். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கேடில்லை என்கின்றன அமெரிக்க, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்புகள். 200 மில்லிகிராம் கரண்டியில் இரண்டு போட்டாலே அந்த வரம்பு முடிந்தது. காலைக் கோப்பி, மதியக் கோப்பி எல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. வேலை முடிந்து ஏழு மணிக்கு 200 மில்லிகிராம் போட்டவருக்கு நள்ளிரவில் இன்னும் 100 பாக்கி. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 100 பேரைக் கருவி மாட்டி இரண்டு வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். காப்பி குடித்த நாளில் மேலறைத் துடிப்புகள் முந்துவது குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறைத் துடிப்புகள் முந்துவது மட்டும் ஓரளவு கூடியது. தூக்கம் ஏறத்தாழ 36 நிமிடம் குறைந்தது. காப்பியை வில்லனாக்க இது போதாது. ஆனால் இரவு இரவாகத் தூக்கம் குறைந்தால் மறுநாள் இதயமும் மனமும் சேர்ந்தே துள்ளும்.

அந்தப் பொடியில் இன்னொரு சங்கதி உண்டு. குடித்த கால்மணியில் முகத்திலும் காதிலும் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அது பீட்டா அலனின் என்ற அமினோ அமிலத்தின் வேலை. தோல் நரம்புகளைச் சீண்டுகிறது, அவ்வளவுதான். விவரம் தெரியாதவர் அதையும் மாரடைப்பின் அறிகுறியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

கஃபீனோடு நின்றால் பரவாயில்லை. பாடிபில்டிங் சந்தையைக் கலக்கிய ஊக்கிகளில் ஒன்றின் வேர் சீன மருத்துவத்தில்தான் இருக்கிறது. மா ஹுவாங் (எபெட்ரா) என்னும் செடியின் தண்டைச் சளிக்கும் மூச்சிரைப்புக்கும் சீன வைத்தியர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகக் கஷாயத்தில் சேர்த்துவருகிறார்கள். 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி அதிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1924இல் பீக்கிங்கில் சென், ஷ்மித் இருவரும் அது அட்ரினலினைப் போலவே இதயத்தை விரட்டுகிறது என்று காட்டினார்கள். வைத்தியர் சளிக்குச் சில நாள், அளந்து கொடுத்தது ஒரு காலம். 1990களில் அமெரிக்காவில் அதே செடியின் சாரம் கஃபீனோடு கலந்து, கொழுப்பைக் கரைத்துத் தெம்பு தரும் மாத்திரையாக டப்பா டப்பாவாக விற்றது. 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பவாதம் தாக்கி இறந்தார். அவர் எடுத்துவந்த எபெட்ரா மாத்திரையும் அதற்குத் துணைபோனது என்றார் பிரேதப் பரிசோதனை அதிகாரி. 2004இல் அமெரிக்கா எபெட்ரா துணைப்பொருள்களைத் தடைசெய்தது. செடி மாறவில்லை. அளவும் துணையும் நோக்கமும் மாறின.

அந்த இடத்துக்கு வேறு சரக்கு வந்தது. 1944இல் மூக்கடைப்புக்காகக் காப்புரிமை பெற்ற டிஎம்ஏஏ என்ற பொருள், ஜெரேனியம் பூவின் சாரம் என்ற முகமூடியோடு பிரீ ஒர்க்அவுட் பொடிக்குள் நுழைந்தது. 2012 லண்டன் மராத்தானில் ஓடிய 30 வயதுப் பெண்ணின் மரண விசாரணையில் அதன் பெயர் அடிபட்டது. பல்க் முடிந்து, கொழுப்பைக் குறைக்கும் 'கட்' தொடங்கும்போது இன்னொரு வலை விரிகிறது. சிபுட்ரமின் என்ற மெலிவு மருந்து இதய ஆபத்தால் 2010இல் சிங்கப்பூர்ச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இணையத்தில் 'முழுக்க மூலிகை' என்று விற்கும் மெலிவுப் பொருள்களில் அதுவே ஒளிந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. அதைச் சாப்பிட்டவர்கள் சொல்லும் முறையீடுகளில் படபடப்பு முக்கியமான ஒன்று.

ஊசிக்கும் மாத்திரைக்கும் போனவர்களின் கதை இன்னும் கனமானது. 2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 140 எடைப்பயிற்சியாளர்களின் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். அவர்களில் 86 பேர் அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். எடுக்காதவர்களின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை ரத்தத்தில் சராசரி 63 விழுக்காட்டை வெளியே தள்ளியது; எடுத்தவர்களிடம் அது 52. அந்தச் சமயத்தில் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் 49. நிறுத்தியிருந்தவர்களிடம் 58. தசை ஏறியது கண்ணாடியில் தெரியும். இதயம் தளர்ந்தது ஸ்கேனில் மட்டும்தான் தெரியும்.

சாப்பிட்ட பிறகும் படுத்த பிறகும்

சிங்கப்பூரில் ஒரு பல்க் சாப்பாடு எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சைனாடவுனில் சிக்கன் ரைஸ் இரண்டு தட்டு, தேக்காவில் என்றால் மட்டன் பிரியாணி, கூடவே இனிப்பான தே. வயிறு நிறையச் சாப்பிட்டால் குடலுக்கு ரத்தம் கூடுதலாகப் போக வேண்டும். அதற்காக இதயம் ஒரு படி வேகமாக அடிக்கும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். அப்படியே இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயத்தின் முனை நெஞ்சுச் சுவரை நெருங்கிவரும். சாதாரணத் துடிப்பே தலையணையில் கேட்கும். இரவுப் படபடப்பில் பெரும் பங்குக்கு இவ்வளவுதான் விளக்கம். இரண்டு பெரிய வேளையை நான்கு சிறிய வேளையாக்கினாலே பலருக்கு அடங்கிவிடும்.

சிலருக்கு விளக்கம் வேறு. அதைச் சொல்லாமல் போனால் இந்த அத்தியாயத்துக்கு அர்த்தமில்லை.

மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் இன்சுலின் சுரக்கிறது. அது சர்க்கரையை மட்டுமல்ல, ரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தையும் தசைக்குள் தள்ளுகிறது. தைராய்டு மிகையாகச் சுரக்கும் சில இளைஞர்களிடம் இந்தத் தள்ளல் எல்லை மீறிப்போகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் வற்றிவிடுகிறது. இதயம் படபடக்கிறது, விடிகாலையில் எழுந்தால் காலை அசைக்க முடியவில்லை. தைராய்டு சார்ந்த இந்தத் தற்காலிக வாதம் கிழக்காசிய ஆண்களிடம் அதிகம், மற்றவர்களுக்கும் வரும். அதைக் கிளப்பிவிடுபவை இரண்டு: மாவுச்சத்து நிறைந்த பெருஞ்சாப்பாடு, கடும் உடற்பயிற்சிக்குப் பிந்தைய ஓய்வு. பல்க் செய்பவரின் நாளில் இந்த இரண்டும் வரிசையாக வருகின்றன. 'நேத்து லெக் டே, அதான் கால் வரல' என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடவும் கூடும். ஒரு தைராய்டு சோதனையும் ஒரு பொட்டாசியம் சோதனையும் உண்மையைச் சொல்லிவிடும். தைராய்டுக்கு மருந்து கொடுத்தால் இது தீர்ந்துபோகிற நோய்.

இன்னொன்று, சிங்கப்பூர் நேரடியாகப் பார்த்தது. 1980களில் இங்கே கட்டுமான வேலைக்கு வந்த தாய்லாந்து ஆண்கள், நல்ல திடகாத்திரமானவர்கள், இரவில் படுத்தவர்கள் காலையில் எழவில்லை. 1982க்கும் 1990க்கும் இடையே அப்படி இறந்தவர்கள் 230க்கும் மேல். பிரேதப் பரிசோதனையில் இதயத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர்களுடைய சொந்த ஊரான வடகிழக்குத் தாய்லாந்தில் இது ஆண்களைத் தேடி வரும் விதவைப் பேயின் வேலை என்று நம்பினார்கள். பேயை ஏமாற்ற ஆண்கள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு படுத்ததாக அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. சிங்கப்பூர் மருத்துவர்கள் இறந்தவர்களின் வயது, ஊர், வேலை, உணவு என்று ஒவ்வொன்றாகச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 1992இல் இதய மருத்துவர்களான புருகாடா சகோதரர்கள் ஒரு வகை ஈசிஜி வரைவைப் பற்றி எழுதினார்கள்: வலப்பக்க நெஞ்சில் வைத்த மின்முனைகளில் கோடு ஒரு வளைவாக எழும்பிச் சரிகிறது, அப்படிப்பட்டவர்களின் இதயம் திடீரெனத் தாளம் குலைந்து நின்றுவிடுகிறது. தாய்லாந்து ஆண்களின் மரணமும் இதுவும் ஒரே நோய் என்பது பின்னர் உறுதியாயிற்று. சோடியம் அயனி செல்லுக்குள் நுழையும் வாசலில் உள்ள மரபணுக் கோளாறு அதன் காரணங்களில் ஒன்று.

புருகாடா அரிதான நோய். ஆனால் அதன் குணம் நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. உழைக்கும்போது அது பெரும்பாலும் வருவதில்லை; ஓய்வில், உறக்கத்தில், காய்ச்சலில், வயிறு முட்டச் சாப்பிட்ட இரவில் வருகிறது. ஆகவே 'தூக்கும்போது ஒண்ணுமில்ல, படுத்தாத்தான் வருது, அப்ப டென்ஷன்தான்' என்று யாராவது தீர்ப்புச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? உறக்கத்தில் மூச்சுத் திணறிக் கொர்கொர் என்று ஒரு சத்தம் வந்ததாக அறைத் தோழர் சொன்னதுண்டா? குடும்பத்தில் யாராவது இளவயதில் தூக்கத்திலேயே இறந்ததுண்டா? ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் அடுத்த நாளே ஈசிஜி.

சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. படையில் சேருமுன் அவர்களுக்கு ஈசிஜி எடுத்துவிடுகிறார்கள். 18,000க்கும் மேற்பட்ட இளைஞர்களின் ஈசிஜிகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, தென்கிழக்காசிய இளைஞர்களின் இதயம் காட்டும் வரைவுகளுக்கு நல்ல ஆவணம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்து, சம்பளம் வந்ததும் ஜிம்மில் சேர்ந்தவருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கும் அப்படியொரு ஈசிஜி எடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவர்கள் தாமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பயம் வரும் வழி

இவ்வளவு சோதனையும் முடிந்து எல்லாம் சரி என்று வந்த பிறகும் படபடப்பு நிற்காமல் இருக்கலாம். அதைப் பொய் என்று யாரும் சொல்லக்கூடாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, படபடப்போடு வந்த சுமார் 300 சிப்பாய்களைக் கவனித்து 1871இல் மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா ஒரு கட்டுரை எழுதினார். எளிதில் சீண்டப்படும் இதயம் என்று அதற்குப் பெயர் வைத்தார். முதல் உலகப்போரில் அதே முறையீடு ஆயிரக்கணக்கான சிப்பாய்களிடம் வந்தது. தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் அவர்களைப் படுக்கையில் போட்டுவைக்கவில்லை. படிப்படியாகக் கடுமை கூட்டிய உடற்பயிற்சி கொடுத்தார். பலர் தேறினார்கள். 1941இல் இதய மருத்துவர் பால் வுட், இதில் பெரும்பாலானவை இதய நோயல்ல, பதற்றம் என்று வாதிட்டார். எழுபது ஆண்டுகளில் நோய்க்குப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. சிப்பாய்களின் இதயம் படபடத்தது மட்டும் உண்மையாகவே இருந்தது.

பயந்தால் இதயம் துடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். துடித்தால் பயம் வருமா? 1884இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் வரும் என்றார். அதை நேரடியாகச் சோதிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசராத் குழுவினர் எலிகளுக்குச் சிறிய அங்கி மாட்டி, வெளிச்சத்தால் மட்டுமே அவற்றின் இதயத்தை நிமிடத்துக்கு 900 வரை துடிக்கவைத்தார்கள். அபாயம் இருக்கக்கூடிய திறந்த இடத்தில் அந்த எலிகள் பயந்து ஒதுங்கின. பாதுகாப்பான இடத்தில் பயப்படவில்லை. மூளையின் இன்சுலா என்ற பகுதியை அடக்கியதும் பயமும் குறைந்தது. துடிப்பு மட்டும் பயத்தை உண்டாக்கவில்லை. துடிப்போடு 'இங்கே ஆபத்து' என்ற எண்ணமும் சேர்ந்தபோதுதான் பயம் வந்தது.

மனித பீதித் தாக்குதலுக்கு 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் தந்த விளக்கமும் இதனோடு பொருந்துகிறது. உடம்பில் ஒரு சின்ன மாற்றம்; அதை 'சாகப்போகிறேன்' என்று படிக்கிறோம்; அட்ரினலின் சுரக்கிறது; துடிப்பு ஏறுகிறது; ஏறியதே 'சாட்சி' ஆகிவிடுகிறது. ஜிம்மில் துடிப்பு ஏறுவது தினசரி நிகழ்ச்சி; 'ஆபத்து' என்ற எண்ணத்தைச் செய்திகள் கொடுத்துவிடுகின்றன. 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சுவலி வந்து இறந்தபோது, பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் சோதனைக்கு வந்தவர்களின் கூட்டம் நிரம்பி வழிந்தது. நம் இளைஞரின் கைக்கடிகாரமும் கைகொடுப்பதில்லை. தோலில் பச்சை வெளிச்சம் பாய்ச்சித் துடிப்பை எண்ணும் அந்தக் கருவி, பார்பெல்லை இறுகப் பிடித்து மணிக்கட்டு மடங்கும்போது எளிதில் தப்பாக எண்ணிவிடும்.

இந்தச் சுழற்சியை உடைக்கும் வழியும் உடம்பு வழியாகத்தான் போகிறது. மனநல மருத்துவர்கள் பீதிக்குத் தரும் சிகிச்சையில் படியேற்றம், ஒரே இடத்தில் ஓட்டம், வேகமான மூச்சு என்று துடிப்பை வேண்டுமென்றே ஏற்றவைப்பது ஒரு முக்கியப் படி. துடிப்பு ஏறுகிறது, ஒன்றும் ஆகவில்லை, இறங்குகிறது. இதை உடம்பு திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எடைப்பயிற்சியே பதற்றத்தைக் குறைக்கிறது என்று 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே சோதனை சரியாக வந்தவர் ஜிம்மைக் கைவிடுவது தானே மருந்தை நிறுத்துவதற்குச் சமம். எடையை ஒரு படி குறைத்துக்கொள்ளலாம், தூக்கும்போது மூச்சை விடலாம், கடைசிச் சொட்டு வரை முக்காமல் ஒன்றிரண்டு தூக்கலை மிச்சம் வைத்து நிறுத்தலாம். அதுவும் சரியாகவில்லை என்றால் மனநல உதவி கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை.

கையில் எடுத்துப் போக வேண்டியது

'டென்ஷன்தான்' என்ற நண்பனும், 'நிறுத்து' என்ற அம்மாவும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவருமே ஈசிஜிக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முறையான வரிசை இதுதான்: முதலில் சோதனை, பிறகு டப்பாவில் இருப்பதைப் பார்ப்பது, பிறகு பயத்தைக் கவனிப்பது.

பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போகும்போது ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: படபடப்பு வந்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, அன்று குடித்த கோப்பி, முந்தைய இரவின் தூக்கம், குடும்பத்தில் இளவயது மரணம். ஈசிஜி, தைராய்டு, பொட்டாசியம், ரத்தசோகை ஆகியவற்றுக்கான சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அடிக்கடி வந்தால் ஹோல்டர். பொடி டப்பாவின் படத்தைக் காட்டுவதைவிட டப்பாவையே எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் இருப்பது உங்கள் இதயத்தைப் பார்க்க, உங்களைத் திட்ட அல்ல.

நெஞ்சு அழுத்தினால், மயக்கம் வந்தால், மூச்சு முட்டினால், படபடப்பு நிற்காமல் நீடித்தால் உடனே 995ஐ அழையுங்கள். உங்கள் பக்கத்தில் தூக்கிக்கொண்டிருப்பவர் விழுந்து மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தாலும் அதே எண்தான். உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியை எடுத்து வர ஒருவரை அனுப்புங்கள். வீவக அடுக்குமாடிகளின் மின்தூக்கி முகப்புகளில் அது பரவலாக மாட்டப்பட்டிருக்கிறது. உங்கள் ஜிம்மில் அது எந்தச் சுவரில் இருக்கிறது என்பதை அடுத்த முறை எடையைத் தொடுவதற்கு முன் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.